அடுத்த நிகழ்ச்சி: மீன் சோறு

பழைய தொலைக்காட்சிப் பெட்டியை யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டால், பூனைக்காக என்றுதான் சொல்வேன். நாம் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் மேல்பக்கத்தில் இருந்தது. உள்ளே படக்குழாய் சூடாகும்; பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக இதமான வெக்கை ஏறி வரும்; மேலே அம்மா குரோஷா ஊசியால் பின்னிப்போட்ட விரிப்பு. ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு ஷட்டர் டிவியின் மீது வாழ்ந்த கறுப்புப் பூனைக்குப் பெயர்கூடக் கிடையாது. பாட்டி "ஏ பூனை" என்பார். அதுவும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். செய்தி நேரத்தில் அது வாலைத் தொங்கப்போட்டால், வாசிப்பவரின் நெற்றியில் ஆரம்பித்து மூக்கு நுனிவரை கறுப்பு நாமம் இறங்கும். ஷோபனா ரவியின் முழு முகத்தையும் நான் பார்த்தது பூனை இல்லாத அடுத்த வீட்டில்தான்.

தட்டை டிவி வந்தபோது பத்திரிகைகளெல்லாம் பிக்சல் கணக்குப் போட்டன. பூனைகளுக்குக் குடியிருப்பு பறிபோனதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. இப்போது மதுரையில் எங்களோடு இருக்கும் இரண்டில் ஒன்று, சுவரில் மாட்டிய டிவியின் மேல் விளிம்பில் உட்காரப் பார்த்தது. இரண்டு விரற்கடை அகலத்தில் கொஞ்ச நேரம் கழைக்கூத்து ஆடிவிட்டு, கீழே இருந்த என் கணவரின் மடியில் நகங்களோடு இறங்கியது. அன்றிலிருந்து அதற்கு ஜாகை செட்டாப் பாக்ஸ். சூடு இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது. ரிமோட்டை என்ன அழுத்து அழுத்தினாலும் சானல் மட்டும் மாறாது. சிக்னல் போய்ச் சேரவேண்டிய இடத்தை ஒரு வயிறு மறைத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்கு ஒளி என்று பெயர். எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கிற சாம்பல் நிறத்துக்கு ஒலி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' சினிமாப் பாட்டுக்காக ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்த காலத்தில் வளர்ந்தவளுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. நடைமுறையில் தொல்லைதான். எங்கள் தெருவில் ளகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே வேலி கிடையாது. யார் எதைக் கூப்பிட்டாலும் இரண்டும் வரும், அல்லது இரண்டும் வராது.

சொல்ல வந்தது வேறு. செட்டாப் பாக்ஸ் குறுக்கே வந்துவிட்டது. எனக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கிறது, நாற்பது தாண்டிய பிறகு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. வகுப்பில் பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையனை வாத்தியார் உடனே கண்டுபிடித்துவிடுவார். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு 'அடக்கமானவள்' என்று ரேங்க் கார்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அடக்கமாக இருந்தே பாதி ஆயுளைக் கழித்த பெண்கள் நிறையப் பேர்.

பன்னிரண்டு வயதுக்கு முன்பே இந்த அறிகுறிகள் இருந்தனவா என்று தெரிய வேண்டும் என்றார் மருத்துவர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் முன்பு ஏழு வயது என்று இருந்ததாம்; 2013இல்தான் பன்னிரண்டாக்கினார்களாம். எப்படியோ ஐந்து வருஷம் லாபம். சாட்சி சொல்ல அம்மாவை ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வரச் சொன்னேன்.

"சின்ன வயசுல பொருளையெல்லாம் தொலைப்பாங்களாம்மா?"

"எம் மகளா? சேச்சே. தொலைக்கவே மாட்டா. எங்க வச்சோம்னு மறந்துபோவா, அம்புட்டுத்தான்."

"சொன்ன வேலையை முடிப்பாங்களா?"

"ரொம்ப நல்லா ஆரம்பிப்பா, டாக்டர்."

"ஒரு இடத்துல கவனமா உட்காருவாங்களா?"

"டிவி முன்னால உக்காந்தா இடி விழுந்தாலும் அசைய மாட்டாளே! 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு போடுவான்ல, அதைக்கூட வச்ச கண்ணு வாங்காமப் பார்ப்பா. இவளுக்குக் கவனம் இல்லைன்னு யாரு சொன்னது?"

மருத்துவர் நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். பெற்ற மகளைப் பழியிலிருந்து மீட்ட திருப்தியோடு அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். எழுத வேண்டியதெல்லாம் அதற்குள் தாளில் ஏறிவிட்டது.

அம்மா சொன்னதிலும் உண்மை இருந்தது. கவனம் என்னிடம் வண்டி வண்டியாக இருக்கிறது, கூப்பிட்டால் வராது. தனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து கிளப்பவும் முடியாது. பூனை வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியும், நேரம் போவதுதான் தெரியாது.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். துவைத்த துணி வாளியோடு மாடிப்படி ஏறுகிறேன். மூன்றாம் படியில் ஒலி படுத்திருக்கிறது, காதோரம் முடியில் சிக்கு. வாளியை வைத்துவிட்டுச் சீப்பு எடுக்கப் போகிறேன். சீப்பு இருக்கிற அலமாரியில் ஒரு கேசட். டிவிக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து, எல்லோரையும் மூச்சுவிடாதே என்று மிரட்டிப் பதிவு செய்தது. மேலே அம்மாவின் கையெழுத்தில் 'பாட்டு, அழிக்காதே'. போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இல்லை. சரி, தூர்தர்ஷன் முகப்பு இசையாவது கேட்போம் என்று போனைத் திறக்கிறேன். ரவிசங்கரும் ஷெனாய் மேதை அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது அது. சேர்ந்து என்றால் எப்படி, யார் முதலில் வாசித்தார்கள்? அதைத் தேடப் போய், அந்தச் சுழலும் சின்னத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்த கதை கிடைக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டு பூனைகள் ஒன்றன் வாலை ஒன்று அணைத்துத் தூங்குவது போலவே இருக்கிறது. இதைக் கணவரிடம் உடனே சொல்லியாக வேண்டும். அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணி காய்ஞ்சிருச்சா?" என்றார். வாளி மூன்றாம் படியிலேயே இருந்தது. வெயிலுக்கு இதமாக அவருடைய ஈர வேட்டி மேல் ஒலி தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவளைச் சின்ன வயதில் தடம் புரளாமல் ஓட்டியது எது? பெற்றோரோ பள்ளிக்கூடமோ அல்ல, ஒற்றைச் சானல்தான். சென்னைக்கு 1975லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கொடைக்கானல் கோபுரம் வரும்வரை இலங்கையின் ரூபவாஹினிதான் கதி. தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். அண்ணன் மொட்டைமாடியில் குழாயைத் திருகுவான், நான் சன்னலில் நின்று "வருது, வருது, ஐயோ போயிருச்சு" என்று வர்ணனை கொடுப்பேன். யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1926இல் உருவாக்கிய அற்புதமான கருவி அது. ராமநாதபுரத்துக் காக்கையின் எடையை அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியது. ஞாயிறு காலை ஒன்பதரை. அதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி தின்று, வீட்டுப்பாடம் முடித்திருப்பேன். ஒன்பதரைக்கு விட்டால் விட்டதுதான். ராமர் எனக்காகத் திரும்பி வரமாட்டார். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. எதிர்வீட்டு ஹிந்தி டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, கூடம் நிறைந்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அனுமன் வாலில் தீ வைத்த வாரம் பாட்டி எழுந்து போய்ப் பூனையை டிவி மேலிருந்து இறக்கிவிட்டார். திரையில் இரண்டு வால் தெரிந்து, எது எரிகிறது என்று கூட்டத்தில் குழப்பம். வாரநாட்களில் ராத்திரி டெல்லி நிகழ்ச்சிகள் தொடங்கியதும் புத்தகப் பையைத் தேடிப் போவேன். தேசிய ஒருமைப்பாட்டுக்காக அவற்றை ஒளிபரப்பியதாகச் சொல்வார்கள். நான் கணக்கில் தேறியதும் அவற்றால்தான்.

இன்றைக்கு அந்தக் கால நிகழ்ச்சிகளில் பாதி யூடியூபில் கிடக்கிறது. ஆசையாகத்தான் உட்காருவேன். பாலசந்தரின் ரயில் சினேகத்தில் பத்து நிமிஷம், அங்கிருந்து மர்மதேசம், அதன் ஓரத்தில் யாரோ பழைய விளம்பரங்களைத் தொகுத்துப் போட்டிருப்பார்கள், அதில் நிர்மா, பிறகு சலவைத்தூள் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு படம். மணி ஒன்றாகிவிடும், ரயில் இன்னும் ஸ்டேஷனை விட்டே கிளம்பியிருக்காது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற வசதியை என் போன்றவர்களிடம் கொடுத்திருக்கவே கூடாது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து, தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் போட்டபோது, குளித்து முடித்து நேரத்துக்கு டிவி முன் ஆஜரானேன். கையில் இருக்கிற போனில் அத்தனையும் இருக்கிறதே என்று மகன் கேட்டான். இருக்கட்டும். அந்த மாதங்களில்தான் எங்கள் வீட்டில் சாதம் நேரத்துக்கு வெந்தது.

மாத்திரையும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட். உதவுகிறது, போட ஞாபகம் இருந்தால். இதை 1944இல் உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோன், மனைவி மார்கரீட்டாவின் செல்லப் பெயரை ஒட்டி ரிட்டலின் என்று பெயர் வைத்தார். இந்த அம்மாளின் கதையை ஒரு நாள் முழுக்கப் படித்துவிட்டு, ராத்திரி பார்த்தால் அன்றைய மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் பிரச்சினைக்குத் தீர்வாக, பழைய சாமான் கடையிலிருந்து பதினான்கு அங்குலப் போர்ட்டபிள் டிவி ஒன்று வாங்கி வந்தேன். காயலான் கடையிலிருந்து வீட்டுக்குப் பொருள் வருவதை முதல்முறையாகப் பார்க்கிறேன் என்றார் கணவர். மூணு கலர் வயரைச் செருகிச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் போட்டேன். மாடியில் கிடந்த இரண்டும் அடுத்த நிமிஷம் எதிரே வந்து நின்றன. பழைய டிவி ஒரு படத்தை 625 வரிகளாக, நொடிக்கு 25 படம் வீதம் வரைகிறது. பெருக்கினால் 15,625. அந்த எண்ணிக்கையில் உள்ளே ஏதோ அதிர்ந்து மெல்லிய கீச்சொலி போடும். சின்ன வயதில் தெருவில் நடந்தபடியே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன், காட்சியும் தெரியாது, சத்தமும் கேட்காது. வயதானால் காது அந்த உயரத்தை விட்டுவிடுகிறது. பூனைக் காது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் எட்டும். ஒளி ஏறிப் படுத்து வாலைத் தொங்கவிட்டது. ரிமோட் வேலை செய்யத் தொடங்கியது.

ஆக, தூர்தர்ஷன் பார்த்த உத்தியோகத்தை இப்போது பூனைகள் பார்க்கின்றன. விடியலும் அந்தியும்தான் பூனைகளுக்கு வேட்டை நேரம்; எங்கள் வீட்டில் வேட்டையாடப்படுவது நான். விடிவதற்குள் ஒலி நெஞ்சின் மேல் ஏறி நின்று, மூக்குக்கு நேராக வாயைத் திறக்கும். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ஞாபகமூட்டும் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுவி ஒவ்வொன்றாக மறந்திருக்கிறேன். இதை அணைக்கப் பொத்தான் எங்கே என்று தடவிப் பார்த்தும் அகப்படவில்லை. எழுந்தால் அடுப்பு பற்றவைக்கிறேன், அடுப்பு பற்றினால் காப்பி, காப்பிக்குப் பக்கத்தில் மாத்திரை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொரு முறை. ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதற்கும் ரத்து கிடையாது.

ஆனால் தூர்தர்ஷன் பொய் சொன்னதில்லை. இவை சொல்லும். கணவர் சோறு வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் இரண்டும் என் காலடியில் வந்து, மூன்று நாள் பட்டினி என்று ஓலமிடும். நான் வைத்தேனா, வைக்க நினைத்தேனா? எனக்கே சந்தேகம். இன்னொரு தட்டு போடுவேன். ஒளியைத் தூக்கித் தராசில் வைத்த கால்நடை மருத்துவர் தராசைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

கணவர் ஒரு தகரப் பலகை செய்து சமையலறை ஆணியில் மாட்டினார். ஒரு பக்கம் 'அடுத்த நிகழ்ச்சி: மீன் சோறு'. சோறு வைத்தவர் திருப்பி மாட்ட வேண்டிய மறுபக்கம், 'இத்துடன் நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன'. பழைய அறிவிப்பு அட்டை மாதிரியே வட்ட வட்ட எழுத்து. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்ததால் மறக்காமல் திருப்பினேன். ஒளியின் இடுப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அதற்குள் ஊரிலிருந்து அம்மா வந்தார்.

வந்த மறுநாளே கையில் நெத்திலிக் கிண்ணத்தோடு பிடித்தேன். பலகை நிறைவடைந்த பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, போர்டைப் பாக்கலையா?"

"பாத்தேன்டி. நான் படிச்சேன், நீ படிச்ச, மாப்பிள்ளை படிச்சாரு. இதுக ரெண்டும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு?"