ஓட்டு அங்கே, வேட்டு இங்கே

அமெரிக்காவில் யார் ஜெயித்தால் நம்ம மாம்பலத்துக்கு என்ன சார்?

மாம்பலத்துக் கல்யாணத் தரகரைக் கேட்டுப் பார்த்தீர்களா? 2024 நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளைக்குக் காசு கொடுக்கக் கூடாதென்று நாம் 1961-லேயே சட்டம் போட்டோம். அவர் மாப்பிள்ளையை எடுக்கவே காசு கேட்கிறார்!

அங்கேயே வாழ்கிற நம்மவர்கள் ஓட்டுப் போட்டுத் தடுக்கக் கூடாதா?

விசாக்காரர் அங்கே வரி கட்டலாம், வரிசையில் நிற்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. கிரீன் கார்டுக்காரருக்கும் அதே கதிதான், அதிபர் தேர்தலில்.

பிரிட்டன் தனி ரகம். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில், யாருடைய தலையெழுத்து மாறப்போகிறதோ அந்த பிரெஞ்சு, ஜெர்மன் குடிமக்கள் லண்டனில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அங்கே குடியிருந்த இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற தகுதியில் வாக்களித்தார்கள்!

அதே லண்டன் இந்தியர் நம்மூர்த் தேர்தலில் ஓட்டுப் போட? பட்டியலில் பெயர் சேர்த்து, சொந்தத் தொகுதிச் சாவடிக்கு நேரில் வர வேண்டும். விரலில் வைக்கும் மை இலவசம். விமான டிக்கெட் அவர் செலவு.