அடிவாங்கிக் காரியம் முடிக்கும் செல்

கேள்வி: திருத்தணியின் 365 படிகளையும் அசராமல் ஏறிய அம்மாவுக்கு இப்போது மூட்டுத் தேய்மானம். யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போடலாமாம். அம்மாவின் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சும்மா விடுமா?
- வாசகர், திருத்தணி

பதில்: மலை மேலே வரை கார் போகிறது, முதலில் அம்மாவை அதில் ஏற்றுங்கள். செல்லுக்கு வருவோம். சும்மா விடாது! ஆனால் மீசென்கைமல் என்ற இந்த ஸ்டெம் செல் லேசுப்பட்டதல்ல. மேலே அடையாளப் புரதங்கள் குறைவு என்பதால் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் நழுவும். அழற்சி வாடை பட்டதும் ஐ.டி.ஓ. என்ற நொதியை உண்டாக்கி, தாக்க வரும் டி செல்களுக்கு வேண்டிய டிரிப்டோஃபன் என்ற சத்தைக் காலிசெய்யும். சோறு இல்லாமல் எவன் சண்டைக்கு வருவான்?

ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரலில் சிக்கிச் சீக்கிரமே மடிகின்றன. அவற்றை விழுங்கும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களோ சாதுவாகிவிடுகின்றன! மஜ்ஜை மாற்றிய பிறகு, வந்த அணுக்கள் உடம்பையே தாக்கும் நோய்க்கு இந்தச் செல்களை மருந்தாகக் கொடுத்தபோது, 2017-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு கண்டது இன்னும் வேடிக்கை: எந்த நோயாளிகளின் அணுக்கள் இந்தச் செல்களைக் கொன்றனவோ, அவர்களுக்கே குணம் தெரிந்தது.

இந்தச் செல்லைக் கொண்டு பெங்களூரு ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம் செய்த மூட்டு ஊசிக்கு 2022-ல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது. அம்மாவுக்கு ஒத்துவருமா என்று எலும்பு மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரைக்கும் பக்கவாதத்துக்கும் மூட்டுக்கும் ஒரே ஊசி என்கிற கிளினிக்காக இருந்தால், ரசீது போடுமுன் வெளியே வந்துவிடுங்கள்.