சொன் இல்லாத நாள்

சியோல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வீடு மாறும் மகன் நாள் பார்த்தானா என்ற வினாவுக்கு விடை கூறுமுன், கொரியர் நாள் பார்க்கும் முறையை விளக்குதல் வேண்டும். குடிபோக உகந்த நாளை அவர்கள் 'சொன் இல்லாத நாள்' என்பர். 'சொன்' என்னும் சொல் பொதுவில் விருந்தாளியையும், இவ்விடத்தில் திசைதோறும் சுற்றிக் காரியத்தைக் கெடுக்கும் ஆவியையும் குறிக்கும். (இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர், மே மாத விடுமுறையில் சொந்தக்காரர் வரவைக் கண்டவராக இருத்தல் கூடும்.) சந்திர மாதத்தின் 1, 2 ஆம் நாள்களில் கிழக்கிலும், 3, 4-இல் தெற்கிலும், 5, 6-இல் மேற்கிலும், 7, 8-இல் வடக்கிலும் இருக்கும் இந்த ஆவி, 9, 10-இல் வானுக்குப் போய் இளைப்பாறிவிட்டு, 11-இல் மறுபடி கிழக்கில் வேலைக்கு வந்துவிடுவதால், குடிபோக மாதத்தில் ஆறு நாளே, குறைமாதமாயின் ஐந்தே நாள் கிடைக்கும்.

இது கிழிப்பு நாள்காட்டியின் சூலத்தைப் பெரிதும் ஒத்ததே எனினும், சூலத்துக்கு வெல்லமும் தயிரும் பரிகாரமாக இருக்க, சொன்னுக்குப் பரிகாரம் கூடுதல் கூலி ஒன்றே. சாமான் ஏற்றும் நிறுவனங்கள் அந்நாள்களை இணைய நாள்காட்டியில் தனியே குறித்துவைத்துக் கட்டணத்தை உயர்த்திவிடுகின்றன. பன்னிரண்டாம் மாடிப் பால்கனிக்கு ஏணி வண்டியில் பீரோவை ஏற்றும் நாடு, அது ஏறும் நாளில் ஆவி எத்திசையில் நிற்கிறது என்பதையும் கணக்கில் கொள்கிறது.

நம்பிக்கை நாள் பார்ப்பதோடு நிற்பதில்லை. இங்கே தெய்வம் இறங்கி ஆடிக் குறி சொல்பவர், பெரும்பாலும் பெண், 'முடாங்' எனப்படுவார். அவர் மேள ஒலியோடு நடத்தும் சடங்கு 'குத்' ஆகும் (இதைக் கூத்தோடு முடிச்சுப் போட்டு மாமா கட்டுரை எழுதத் தொடங்க வேண்டாம்). 1970-களில் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒடுக்கிய அரசே, வைக்கோல் வெட்டும் கத்திமேல் வெறுங்காலுடன் நின்ற கிம் கும்-ஹ்வா என்னும் முடாங்கை 1985-இல் மரபுக்கலையின் காப்பாளராக அறிவித்தது; ஜெஜு தீவின் குத் ஒன்று 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. புதுக் காரின் முன் பன்றித் தலையை வைத்து, அதன் வாயில் பணத்தாளைச் செருகி, சக்கரத்தில் அரிசிக் கள்ளை ஊற்றுவோரும் உளர். எலுமிச்சம்பழம் மட்டும் இல்லை.

ராகுகாலம் பார்த்த அப்பாவை விமான நிலைய வாசலிலேயே கேலி செய்தவன் ஆதலின், மேற்படி மகன் மலிவான மூன்றாம் நாளில், அதுவும் தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்தான். அன்றிரவே, எண்ணைத் தட்டித் திறக்கும் கதவுப் பூட்டின் பேட்டரி தீர்ந்துபோக, சாமான் எல்லாம் உள்ளே இருக்க, அவன் செருப்புடன் வெளியே நின்றான். எதிர்வீட்டுப் பாட்டி என்ன எண் போட்டாய் என்று கேட்கவில்லை; என்றைக்குக் குடிவந்தாய் என்றே கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சதுர பேட்டரி ஒன்றை எடுத்துவந்து, பூட்டின் அடியிலுள்ள இரு குமிழ்களில் அழுத்திப் பிடிக்க, பூட்டு ஒரு பாட்டுப் பாடித் திறந்தது. பாட்டி மட்டும், 'ச்சு' கொட்டியபடியே திரும்பினார். அந்த 'ச்சு' முற்றிலும் அம்மாவுடையது.

ஊறுகாயோடு அடுத்த ஆண்டு நாள்காட்டியையும் வைத்து அனுப்பவும். சாமி படம் போட்டது, சூலம் அச்சிட்டது, தினம் ஒரு தாள் கிழிக்கக்கூடியது.

இங்ஙனம்,
மேற்படி மகன்