பதில் நெகட்டிவ்தான்

கேள்வி: அண்ணாச்சி, வாப்பா நடத்திய ஸ்டூடியோ இப்போது என் கையில். அலமாரி நிறைய நெகட்டிவ். கடன் வாங்கித் தொழில்முறை ஃபிலிம் ஸ்கேனர் ஒன்று இறக்கலாமா?
(ஸ்டூடியோக்காரர், தேங்காய்ப்பட்டணம்)

பதில்: வேண்டாம் தம்பி. நிக்கான் கூல்ஸ்கேன் மாதிரியான நல்ல மெஷின்களின் உற்பத்தி நின்று பல வருஷமாகிறது. கைமாறுவதெல்லாம் செகண்ட்ஹேண்ட். பழுதானால் ஸ்பேர் கேட்டுத் திருவனந்தபுரம் வரை போகலாம். பஸ் கிடைக்கும், ஸ்பேர் கிடைக்காது. கணக்கையும் பாருங்கள். 35 எம்எம் நெகட்டிவ் என்பது 24க்கு 36 மில்லிமீட்டர். 4000 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 2 கோடிப் புள்ளி. கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களே, அந்த 24 மெகாபிக்சல் கேமரா 2 கோடியே 40 லட்சம் தரும். நல்ல மேக்ரோ லென்ஸ், நிறம் பிசகாத லைட் பேனல், ஆடாத ஸ்டாண்ட் சேர்த்து, அதிலேயே நெகட்டிவைப் படம் பிடித்தால் போதும். கடனை வேறு எதற்காவது வாங்குங்கள்.

கேள்வி: தூசியை மெஷினே துடைத்துவிடும் என்கிறார்களே?
(அதே ஆள், விடவில்லை)

பதில்: கலர் நெகட்டிவில் சரி. அகச்சிவப்பு ஒளி கலர்ச் சாயத்துக்குள் நுழைந்து போய்விடும், தூசியில் மட்டும் முட்டி நிற்கும். மெஷின் அடையாளம் கண்டுகொள்ளும். கறுப்பு வெள்ளையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. அதுவும் அந்த ஒளியை மறிக்கும். ஆகவே மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையையே மெஷின் அழுக்கென்று துடைக்கப் பார்க்கும். வாப்பா காலத்து அலமாரியில் எது அதிகம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பூஞ்சை பிடித்ததைக் கழுவிவிடலாமா?

பதில்: ஐயையோ! பூஞ்சை தின்பது ஜெலட்டினை. அது தின்ற இடம் தண்ணீர் பட்டால் கரையும், மணப்பெண் வாளியில் இறங்கிவிடுவாள். ஆறும் கடலும் கூடுகிற ஊரில் காற்றே பாதித் தண்ணீர். முதல் செலவு காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிமைத் தனியே எடுத்து வையுங்கள். அது அழுக ஆரம்பித்துவிட்டது, அதற்குத்தான் முதல் டோக்கன்.

கேள்வி: இதையெல்லாம் யார் கேட்டு வருவார்கள்?

பதில்: வளைகுடாவில் இருக்கும் பேரன் வருவான், கவரில் பெயரும் தேதியும் இருந்தால். வாப்பாவின் ரிஜிஸ்தரைத் தேடுங்கள். அது ஸ்கேனரைவிட விலை கூடியது. பல ஸ்டூடியோக்கள் நெகட்டிவை வெள்ளி உருக்குகிறவர்களிடம் எடைக்குப் போட்டுவிட்டன. மிஞ்சியதைத் தேடிப் போய் எண்ணியப் பிரதி எடுத்தவர்களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்களும் உண்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. ஆக, உங்கள் அலமாரிக்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் மெஷினுக்குத்தான் சந்தேகம்.

கேள்வி: சினிமாச் சுருள் விஷயத்தில் நம் மாவட்டம் எப்படி?
(வாசகர், அகஸ்தீஸ்வரம்)

பதில்: உங்கள் ஊரில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் படம். ஒரு சுருள்கூட இல்லை. 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பியது. பதிப்புரிமைத் தகராறில் படம் முடங்க, பிரதி திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையில் கிடந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. வக்கீல்களுக்கு நன்றி சொல்ல வாய்ப்பு அபூர்வம், தவற விடாதீர்கள்.

கேள்வி: அப்போ என் அலமாரி மேலும் ஒரு வழக்குப் போட்டு வைக்கவா?
(மறுபடியும் தேங்காய்ப்பட்டணம்)

பதில்: போடலாம். அதற்கு முன் குழித்துறை கோர்ட்டு ரெக்கார்டு ரூமில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.