இன்னிக்குப் பூக்குங்களா?

கோயமுத்தூரில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தால், ஒன்று அங்கே துக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரம்ம கமலம் பூத்திருக்க வேண்டும். துக்க வீட்டில் யாரும் சர்க்கரை கம்மியாகக் காபி கேட்பதில்லை. மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

பூவைப் பற்றி நிறையப் பேர் உருகி உருகி எழுதிவிட்டார்கள். செடியைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரணம் இருக்கிறது. பார்க்கச் சகிக்காது. அடியில் விரல் தடிமனுக்குப் பழுப்புக் குச்சி. மேலே போகப் போக அது தட்டையாகி, ஓரமெல்லாம் நெளிந்து, இன்ன திசை என்றில்லாமல் நீண்டுகொண்டே போகும். கம்பு நட்டுக் கட்டினால் கம்பைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சாயும். எங்கள் வடவள்ளி வீட்டு பால்கனியில் அது முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்தது, பிறகு துணி காயப்போடும் கொடியைப் பிடித்தது. "என்னங்க, என் கொடியில உங்க செடி காயுது, எடுத்து மடிச்சு வைக்கறீங்களா?" என்றாள் மனைவி. பூக்காத நாளில் அது 'உங்க செடி'. பூத்தால் 'எங்க வீட்டுச் செடி'. இந்த இலக்கணம் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதால் நான் ஆட்சேபித்ததில்லை.

இலை என்று நாம் சொல்வது அதில் இலையே கிடையாது. தண்டுதான் தட்டையாகி இலை வேலையைப் பார்க்கிறது. அந்தத் தட்டைத் தண்டின் ஓரத்துப் பள்ளங்களிலிருந்துதான் மொட்டு வரும். பார்க்கிறவர்கள் 'இலையில பூவு வருதுங்க, தெய்வச் செடிங்க' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இது கள்ளி என்று சொன்னால் கோபம் வரும். முள் எங்கே என்பார்கள். முள்ளில்லாத கள்ளியும் உண்டு. அதேபோல வேலியோரம் நிற்கிற நம்மூர்ச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பெயரில் மட்டும்தான் கள்ளி. ஒடித்தால் பால் வடியும் அவை வேறு குடும்பம். கேக்டஸ் குடும்பம் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ரிப்சாலிஸ் என்கிற, மரத்தில் தொங்கும் மெல்லிய கள்ளி. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் அது தானாகவே வளர்கிறது. எப்படி வந்தது என்று தாவரவியலாளர்கள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பிரம்ம கமலத்தின் பூர்வீகம் மெக்சிகோ, குவாதமாலா பக்கம். 1828-இல் தே காந்தோல் என்ற தாவரவியலாளர் இதை முறைப்படி விவரித்து எழுதினார். எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்பது இன்று புழங்கும் பெயர். அங்கே காட்டில் பெரிய மரங்களின் கவட்டையில், மட்கிய இலைக் குப்பையில் வேர் விட்டுத் தொங்கும். மரத்தில் ஏறி உட்காருமே தவிர மரத்தின் சாற்றை ஒரு சொட்டுத் தொடாது. மழை கொடுத்தால் குடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், செடி பிழைத்துக்கொள்ளும். நம் ஆட்களோ தொட்டி நிறையச் செம்மண்ணை அமுக்கி, மேலே சாணி எரு போட்டு, காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றுவார்கள். ஒரே மாதத்தில் அடி அழுகிப் போகும். இதற்கு வேண்டியது மண்ணைவிட அதிகம் காற்று. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தென்னைநார்த் தூளுக்கு அலைய வேண்டியதில்லை. அதோடு இலைமட்கு, கொஞ்சம் கரித்துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு. தொட்டி சின்னதாக, வேர் நெருக்கிக்கொண்டு இருந்தால்தான் இதற்குப் பூக்கிற எண்ணமே வரும். காலை வெயில் படலாம். உச்சி வெயில் பட்டால் உடம்பெல்லாம் சிவந்து மஞ்சளாகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அவ்வளவுதான் வளர்ப்பு.

ஆனால் இதை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. இவ்வளவு புகழ் பெற்ற பூ இவ்வளவு சோம்பேறித்தனத்தில் பூக்கும் என்றால் மனசு ஒப்பவில்லை. மேல்வீட்டு மாஸ்டர் வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர் என்றார். பக்கத்து வீட்டு அக்கா மீன் கழுவின தண்ணீர் என்றார். ஒருவர் புளித்த மோர் என்றார். எல்லோர் சொல்லையும் கேட்டிருந்தால் எங்கள் பால்கனியில் பூ வாசம் எழுந்திருக்க வழியே இருந்திருக்காது. என் மாமியார் மட்டும் உரம் எதுவும் சொல்லவில்லை. காய்க்காத புளியமரத்தை அரிவாள் காட்டி மிரட்டுகிற ஊரிலிருந்து வந்தவர். ஒரு நாள் காய் நறுக்கும் கத்தியோடு பால்கனிக்குப் போய், "இந்த ஐப்பசிக்குள்ள பூக்கலையோ, வெட்டி ரோட்டுல எறிஞ்சிருவேன் பார்த்துக்க" என்று செடியிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆவணியில் மொட்டு வந்தது. வெட்டி வைத்த துண்டு பூக்க எப்படியும் இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும், அந்தக் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். மாமியார் மாஸ்டருக்கு விளக்கினார். வீதியில் அவருடைய விளக்கம்தான் எடுபட்டது. இப்போது இரண்டு வீடுகளில் எலுமிச்சைச் செடியை மிரட்டுவதற்கு அவரைக் கூட்டிப் போகிறார்கள்.

மொட்டு முதலில் பள்ளத்தில் ஒரு சிவந்த புள்ளியாக வரும். மூன்று நான்கு வாரத்தில் நீண்டு, கீழே தொங்கி, நுனி மட்டும் திரும்பி மேலே பார்க்கும். இந்த வாரங்களில் வீட்டில் நிம்மதி இராது. தொட்டியை நகர்த்தினால் மொட்டு உதிரும். தண்ணீர் அதிகமானாலும் உதிரும், ரொம்பக் காய்ந்தாலும் உதிரும். துடைப்பம், கொடிக்கம்பு, கிரிக்கெட் பந்து மூன்றும் பால்கனிக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். பூக்கும் நாள் நெருங்கும்போது விசாரணைகள் ஆரம்பமாகும். பால்காரர், கியாஸ் சிலிண்டர் போடும் தம்பி, அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு, எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னிக்குப் பூக்குங்களா?"

மாஸ்டர் பஞ்சாங்கம் பார்த்து, இது பௌர்ணமிக்குத்தான் பூக்கும், சாஸ்திரம் அப்படி என்றார். செடி தேய்பிறை அஷ்டமியைத் தேர்ந்தெடுத்தது. ராகுகாலம் பார்த்து வீடு குடிபோகும் மனிதருக்கு இது சொந்த அவமானமாகப் பட்டது. நாள் கணிக்கப் பஞ்சாங்கம் வேண்டாம், மொட்டைப் பார்த்தால் போதும். அன்று சாயங்காலமே அது பருத்து, கழுத்தை நிமிர்த்தி, நுனி தளர்ந்திருக்கும். எட்டு மணிக்கு மேல் அவிழ ஆரம்பிக்கும். பதினொன்று, பன்னிரண்டுக்கு முழுசாக விரியும். விடிவதற்குள் தொங்கிப் போகும்.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் என்றொரு நகரம். 1930-களில் அங்கே ராத்திரி பூக்கும் கள்ளி வைத்திருந்தவர்கள், இன்று எங்கள் வீட்டில் பூக்கிறது, எல்லோரும் வரலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பே கொடுப்பார்களாம். அப்போது இளம்பெண்ணாக இருந்த எழுத்தாளர் யூடோரா வெல்ட்டி தன் சிநேகிதர்களோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்து, கடைசியில் இதற்கென்று ஒரு கிளப்பே ஆரம்பித்துவிட்டார். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு நடுராத்திரி போய் நிற்க உலகமெங்கும் இந்தப் பூ ஒரு நல்ல சாக்கு. இலங்கையில் சிங்களவர்கள் இதைக் கடுபுல் என்கிறார்கள். இது பூக்கும்போது நாகலோகத்திலிருந்து நாகர்கள் வந்து புத்தருக்குச் சமர்ப்பிப்பதாக நம்பிக்கை. எங்கள் வீட்டுக்கு நாகர்கள் வரவில்லை. ஏ பிளாக், பி பிளாக் முழுசாக வந்தது.

கூட்டத்தில் முதல் வேலை செல்போன் டார்ச். அந்த வெளிச்சத்தில், மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தால்தான் இந்தப் பூவின் சாமர்த்தியம் தெரியும். வெளிச்சுற்று இதழ்கள் ஒல்லியாக, செம்பழுப்பாகப் பின்னால் வளைந்திருக்கும். உள்ளே அகன்ற வெள்ளை இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று. அவிழும்போது சீராக விரியாது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு இதழ் மட்டும் வெடுக்கென்று நகரும். உள்ளே நூறு நூறாக மெல்லிய மகரந்தக் கம்பிகள். அவற்றைத் தாண்டி ஒரு வெள்ளைத் தண்டு நீண்டு, நுனியில் நட்சத்திரமாகப் பிரிந்து நிற்கும். அது சூலகமுடி. ஆனால் அன்று வந்தவர்களில் சூலகமுடியைப் பார்த்தவர் யாருமில்லை. ஒருவர் பிரம்மாவைப் பார்த்தார். ஒருவர் ஆதிசேஷன் என்றார். ஒரு அம்மா ரங்கநாதர் சயனத்தில் இருப்பதைக் கண்டு, எல்லோருக்கும் திருவடி எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தார். மாஸ்டர் கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தார்.

பிறகு சூடம் வந்தது. பூவுக்கு அரையடி தூரத்தில் காட்டினார்கள். மஞ்சள், குங்குமம். யாரோ தொட்டியில் ஐந்து ரூபாய் நாணயம் போட, மளமளவென்று காணிக்கை விழ ஆரம்பித்தது. வேண்டிக்கொண்டால் நடக்கும் என்றார்கள். எதிர்வீட்டுப் பையன் கண்ணை இறுக்க மூடி நெடுநேரம் வேண்டினான். மறுநாள் கணக்குப் பரீட்சை நடந்தது.

உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பம். மூவாயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல், பனியும் பாறையுமான இடத்தில், வெளிறிய காகித உறைபோன்ற மடல்களுக்குள் ஊதாப்பூக்களை ஒளித்து வைத்துக்கொண்டு வளர்வது. உத்தராகண்டின் மாநில மலர். கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் அர்ச்சனைக்குப் போகிறது. நம் தொட்டியில் இருப்பது மெக்சிகோக்காரர். இதைச் சூடம் எரியும் நேரத்தில் சொன்னேன். "அதனால என்னங்க, பூவுல சாமி இருக்குதில்லீங்களா?" என்றார் அந்த அம்மா. நான் சொன்னதை அதற்கப்புறம் எவரும் கேட்கவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்து குடியிருக்கும் டீச்சர் மட்டும், எங்கள் ஊரில் இது நிஷாகந்தி, வழக்கமே வேறு, இதற்கு யாரும் சூடம் காட்டுவதில்லை என்றார். அவருக்கும் அன்று ஆதரவு கிடைக்கவில்லை.

மறுநாள் ஒரு நிருபர் தம்பி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். 'ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் அபூர்வ மலர்' என்று செய்தி வந்தது. அந்த மழைக்காலத்திலேயே அடுத்த செட் மொட்டும் வந்து பூத்தது. அபூர்வம் என்பதும் அப்படித்தான். ஒரு துண்டு ஒடித்து வைத்தால் ஒரு செடி. எங்கள் வீதியில் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இந்தக் கூட்டத்தில் செடியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். மில்லில் மூன்றாம் ஷிஃப்ட் பார்த்தே ரிட்டயர் ஆன எதிர்வீட்டு அண்ணன். அவரிடம் இதைச் சொன்னேன்: பகலில் உடம்பிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த பிறகு திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்வது கள்ளிகளின் வழக்கம். பகலில் மூச்சு விட்டால் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும் என்ற சிக்கனம். பூவும் ராத்திரியில்தான். ஏனென்றால் மகரந்தம் எடுத்துப் போக வேண்டிய நீள உறிஞ்சுகுழல் விட்டில்பூச்சி ராத்திரிதான் பறக்கும். அந்த வெள்ளை நிறமும், அடைத்த அறையில் தலைவலி வரவைக்கும் அந்த வாசமும் அதற்காகத்தான். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நைட் ஷிஃப்ட்டுங்க இது. தூங்கற நேரத்துல தட்டி எழுப்பித் தண்ணி ஊத்துனா எந்த மனுசன் பூப்பான்?" என்றார். விட்டிலுக்காக ஒப்பனை செய்துகொண்டு நின்ற பூவுக்கு முன்னால் நாங்கள் இத்தனை பேர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றது அவருக்கு மட்டும்தான் சங்கடமாக இருந்தது.

காலையில் வாடின பூவைச் சீனாவில் சூப்பில் போடுவார்கள் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். ராத்திரி சாமி கும்பிட்டதைக் காலையில் கொதிக்க வைப்பதா என்று கேட்டாள். பதில் இல்லை.

இப்போது செடித்துண்டு கேட்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். தாராளமாகத் தருகிறேன். சில வேண்டுகோள்கள் மட்டும். வெட்டிய துண்டை ஒரு வாரம் நிழலில் போட்டு, காயம் ஆறிய பிறகு நடுங்கள். அன்றைக்கே நட்டு, அன்றைக்கே குடம் குடமாக ஊற்றி, அழுகிய பிறகு 'உங்க கைக்கு ராசியில்லைங்க' என்று சொல்லாதீர்கள். பூக்கும் ராத்திரி வருவதானால் காலிங் பெல் அடிக்க வேண்டாம், கதவு திறந்துதான் இருக்கும். சூடத்தைத் தள்ளிக் காட்டுங்கள். தொட்டியில் சில்லறை போடாதீர்கள், வேருக்கு ஆகாது. போட்டே தீருவேன் என்றால் அடுப்படியில் என் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். காபித்தூள் விலை ஏறிவிட்டது.