மூச்சா, தசையா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு ஓட்டம் நல்லதா, எடை தூக்குவது நல்லதா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த ஊரில், வண்டிக்கு என்ஜின் வேண்டுமா, சட்டகம் வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. உடலுக்கும் இரண்டுமே வேண்டும். நடை, ஓட்டம், சைக்கிள் என மூச்சையும் இதயத் துடிப்பையும் தொடர்ந்து உயர்த்தி வைக்கும் கார்டியோ, இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவைக் கூட்டி, இரத்த அழுத்தம் குறையவும் உதவுகிறது. தசைக்குப் படிப்படியாகச் சுமையேற்றும் எடைப்பயிற்சியோ, வயதோடு நேரும் தசை இழப்பை மட்டுப்படுத்தி, எலும்பை உறுதியாக்கி, இரத்தச் சர்க்கரையை ஏற்கும் தசையின் திறனையும் வளர்க்கிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிட மிதமான கார்டியோவையும், குறைந்தது 2 நாள் தசைவலுப் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. ஆகவே, நாளெல்லாம் உட்கார்ந்து கடிகார உதிரிகளைப் பொருத்துபவர் சந்திரசூடேஸ்வரர் மலைப்படிகளில் ஏறுவதோடு தண்டாலும் பஸ்கியும் எடுக்க வேண்டும். பெட்டி சுமப்பவரும், அவ்வேலை ஒரே அசைவையே திரும்பத் திரும்பக் கேட்பதால், அதையே முழுப் பயிற்சியாகக் கருதிவிடக் கூடாது.