மகாகனத்தின் கைவண்ணம்

மகாகனம் டி. எஸ். சேனநாயக்கா அவர்களே! இலங்கையின் முதல் பிரதமரே! தங்களைப் புகழ மலையகத் தமிழருக்கு உள்ள உரிமை வேறு எவருக்கு உண்டு? 1948 பெப்ரவரி 4 அன்று மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாட்டைக் கொடுத்தீர்கள். தோட்டத்து மக்களுக்கோ, நாடு என்னும் சுமையையே தலையிலிருந்து இறக்கி வைத்தீர்கள்.

என்ன சுறுசுறுப்பு! சுதந்திரக் கொடி ஏறிய அதே ஆண்டு நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு குடிசை எரியவில்லை.

மூதாதையர்மீது தங்களுக்கு எத்தனை பக்தி! இங்கே பிறந்தேன் என்று ஒருவன் சொன்னால் தங்களுக்குப் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடை சுமந்து, அதே மலையில் புதைந்தவர்களின் பிள்ளைகளிடம் பத்திரம் கேட்டீர்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஏழையின் பெட்டியிலும் அந்தப் பத்திரம் இருந்திராது. அவரைக் கேட்டுச் சங்கடப்படுத்தாத நாகரிகமும் தங்களிடம் இருந்தது.

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர் தாங்கள். வாக்கை எடுத்தீர்கள், உழைப்பை விட்டுவைத்தீர்கள். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் அவர்கள் பெயர் தவறாமல் கூப்பிடப்பட்டது; வாக்காளர் இடாப்பில்தான் காணோம். 1947 தேர்தலில் தம் ஆட்களையும் இடதுசாரிகளையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1952-இல் அவர்களுக்கென்று அங்கே ஒருவரும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் ஆசனங்களோ 42-இலிருந்து 54 ஆயின. அந்த அறுவடையைக் காணத் தங்களுக்கு ஆயுள் இல்லாமல் போனது. காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து தாங்கள் மறைந்தபின், மகன் டட்லி அதை வீடு சேர்த்தார்.

தங்கள் இரக்கத்தையும் சொல்ல வேண்டும். 1949-இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் என்று ஒரு வாசல் திறந்தீர்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். உள்ளே போனவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். வாசலில் நெரிசல் வராமல் எவ்வளவு அருமையாகக் காத்தீர்கள்!

தங்கள் சட்ட நுணுக்கத்துக்கு ஈடில்லை. எந்த இனத்துக்கும் தனியே பாதகம் செய்யலாகாது என்ற சோல்பரி அரசியல் யாப்பின் 29-ஆம் பிரிவில் ஓர் எழுத்தையும் தாங்கள் தொடவில்லை. சட்டத்தில் தமிழர் என்ற பெயரையும் எழுதவில்லை. 1953-இல் பிரிவி கவுன்சிலே அதில் குற்றம் காணவில்லை. சிறுபான்மையினருக்குச் சரிபாதி ஆசனம் கேட்டு ஐம்பதுக்கு ஐம்பது என்று முழங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தை அமைச்சராக்கி அருகில் அமர்த்திக்கொண்டீர்கள். மனம் பொறுக்காத செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சமஷ்டி கேட்கும் கட்சிக்கு வித்திட்ட புண்ணியமும் தங்களையே சேரும்.

பெரும்பான்மைக் கைகள் உயர்ந்தால் ஒரு மக்கள் கூட்டத்தையே ஏட்டிலிருந்து நீக்கிவிடலாம் என்று புதிய நாட்டுக்கு முதல் பாடம் நடத்தியவர் தாங்கள். பின்வந்தோர் நல்ல மாணாக்கர். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. ஓராண்டுக்குள் தாங்கள் எழுப்பிய சுவரை இடிக்க 55 ஆண்டுகள்! இவ்வளவு உறுதியாகக் கட்டும் தலைவர், புதிதாய்ப் பிறக்கும் வேறெந்த நாட்டுக்கும் வாய்க்காதிருக்கட்டும்.